அவள் தட்டிலிருந்து உன் கண்ணை எடு

தம்பி, இதை நின்றுகொண்டே படிக்காதே. உட்கார்ந்து படி. முதலில் அப்பாவுக்குக் குடிக்க ஏதாவது கொடு. இருட்டோடு போடியில் பஸ்சு ஏறி உன்னைத் தேடி கோயமுத்தூர் வந்திருக்கிறார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிம்மா, சரிம்மா, மீட்டிங்கு இருக்கு, வச்சிர்றேன்" என்று முடித்துவிடுவாய். காகிதத்தில் எழுதியதை அப்படி வெட்டிவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் கோபம் வரும். வந்தாலும் கடைசி வரை படி. பாதியில் எழுந்து போய் பவித்ராவுக்குப் போன் போடாதே. அதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். அவளை ராசிங்காபுரத்தில் அவள் வீட்டில் விடுகிற வழியில் மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு. நான் காலையிலேயே எழுந்து வெள்ளாட்டுக்கறி எடுத்து வரச் சொல்லி, மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன். மருமகளாக வரப்போகிற பெண் நம் வீட்டில் உட்கார்ந்து முதல்முறையாகச் சோறு சாப்பிடுகிறாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளும் நன்றாகத்தான் சாப்பிட ஆரம்பித்தாள். ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு போடக் கையை நீட்டியபோது நீ சொன்னாய், "பவி, போதும். காலையில மெஷின் என்ன காட்டுச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள். அப்பா தலையைத் தூக்கி உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். நீ அதையும் கவனிக்கவில்லை. "அம்மா, எனக்கு இன்னும் ரெண்டு துண்டு வைம்மா" என்று தட்டை என் பக்கம் தள்ளினாய். நானும் வைத்தேன். வைத்த கை எனக்கே பிடிக்கவில்லை.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். கழுவ வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. குழாயைத் திறந்து, சுத்தமான பிறகும் தட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏத்தா, சரியாவே சாப்பிடலயே. கறி உறைப்பா இருந்துச்சா?"

"இல்லத்தே, நல்லா இருந்துச்சு."

"பெறகென்ன?"

குழாயை மூடினாள். அப்புறம், "தெனமும் காலையில எந்திரிச்சதும் எடை மெஷின்ல ஏறி நின்னு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பணும்த்தே. சாப்பிடுறதுக்கு முன்னாடி தட்டையும் போட்டோ எடுத்து அனுப்பணும். அனுப்பலைன்னா போன் வந்துரும். நல்லதுக்குத்தான சொல்றாரு" என்றாள்.

அவள்தான் மேலே பேசினாள். "எனக்கும் கொறைக்கணும்னுதான் இருக்குத்தே. படியேறுனா மூச்சு வாங்குது. ஆனா இப்ப எனக்காகக் கொறைக்கிறேனா, அவருக்காகக் கொறைக்கிறேனான்னு எனக்கே தெரியல. சோத்தப் பாத்தாலே பயமா இருக்கு."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை தம்பி. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கலக்கம் வந்திருக்காது. ஏதோ கடையில் சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னாள். பழகிவிட்டது என்று தெரிந்தது.

நீ கெட்டவன் இல்லை. என் வயிற்றில் பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை, உன்னைப் பார்த்து வளர்த்தவள் என்பதால் சொல்கிறேன். அவள்மேல் உனக்கு உயிர். அவளுக்குக் காய்ச்சல் என்றால் நீ எனக்குப் போன் போட்டு என்ன கசாயம் வைக்கலாம் என்று கேட்கிறவன். ஆனால் இந்த விஷயத்தில் நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஏனென்றால் அது எனக்கு நடந்திருக்கிறது. என் நெற்றியில், முடி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு தழும்பு இருக்கிறதே, அதைப் பற்றி நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் "தோட்டத்துல வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. முழுசையும் எழுதலாமா என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. அவனுக்குத் தெரியணும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

தேவாரத்திலிருந்து கல்யாணமாகி நான் போடிக்கு வந்தபோது ஒல்லியாகத்தான் இருந்தேன். அப்பா அப்போதே ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலையைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். எங்களுக்குள் அப்போது பேச்சு அதிகம் கிடையாது. அவருக்கு வெட்கம், எனக்கும் வெட்கம். தெரியாத மனுஷனோடு ஒரே வீட்டில் என்ன பேசுவது? அவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீப்பை நிறுத்திவிட்டு வரும்போது புரோட்டாவும் சால்னாவும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவார். நான் ஏற்கெனவே சோறாக்கி வைத்திருப்பேன். சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, பொட்டலத்தையும் பிரித்து, இரண்டு பேரும் ஒரே இலையில் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவோம். அப்படிச் சாப்பிடும்போதுதான் பேச்சு வந்தது. எனக்கு எது பிடிக்கும், அவருக்கு எது பிடிக்காது என்பதெல்லாம் அந்தப் பொட்டலத்தின் முன்னால் தெரிந்துகொண்டதுதான். நீயும் பவித்ராவும் எங்கே சந்தித்துக்கொள்கிறீர்கள் என்று யோசித்துப் பார். பிரியாணிக் கடை, ஐஸ்கிரீம் கடை, பேக்கரி. நீ அனுப்புகிற போட்டோவில் எல்லாம் உங்கள் முன்னால் ஒரு மேஜை, மேஜை நிறையத் தட்டு. அதில் தப்பே இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் சாப்பாட்டை நடுவில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். உடம்பும் அப்படித்தான் ஏறும். உங்கள் இருவருக்கும் சேர்ந்துதான் ஏறியிருக்கிறது. போன தீபாவளிக்கு எடுத்த சட்டைக்குப் பொங்கலன்று உன்னால் பொத்தான் போட முடியவில்லை. ஆனால் மெஷினில் அவள் மட்டும் ஏற வேண்டும், தட்டைப் படம் பிடித்து அவள் மட்டும் அனுப்ப வேண்டும் என்றால் அது என்ன கணக்கு?

எங்களுக்கும் அப்படித்தான் ஏறியது. நீ பிறந்த பிறகு எனக்கு இன்னும் கூடிவிட்டது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், ஏலக்காய் எடுக்க ஆள் பத்தவில்லை என்று தோட்டத்தில் கேட்டார்கள். நானும் போகிறேன் என்று கிளம்பினேன். கல்யாணத்துக்கு முன்னால் செய்த சோலிதான். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அப்பாவின் ஜீப்பிலேயே போவேன். ஒரு நாள் காலையில் ஜீப்பு நிறைய ஆட்கள். நான் பின்னால் ஏறக் காலைத் தூக்கி வைத்தேன். தோட்டத்துக் கங்காணி முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து, "அண்ணே, மதினி ஏறுனா வண்டி மெட்டு ஏறுமா? எதுக்கும் ரெண்டு ஆளை எறக்கி விட்ருவோமா?" என்றார். ஜீப்பே சிரித்தது. நான் அவர்களைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன். அவரும் சிரித்தார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. அவர் சிரித்தது ஒரு நொடிகூட இருக்காது. கங்காணிக்கு மரியாதை கொடுத்துச் சிரித்தாரோ, பழக்கத்தில் சிரித்தாரோ. ஆனால் எனக்கு அந்த மலை முழுக்க, ஒவ்வொரு வளைவிலும், அந்தச் சிரிப்புதான் கேட்டது. வண்டி முக்கினால் என்னால்தான் முக்குகிறது என்று தோன்றியது. ஊரார் சிரித்தால் துடைத்துப் போட்டுவிடலாம். என்னோடு ஒரே இலையில் சாப்பிட்டவர் சிரித்தால் நான் எங்கே போய்ச் சொல்வது?

மறுநாளிலிருந்து நான் சாப்பாட்டை நிறுத்தினேன். வீட்டில் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். காலையில் "ஜீப்புல ஏறுனா கொமட்டுது" என்று சொல்லிச் சாப்பிடாமல் கிளம்புவேன். தூக்குவாளியில் சோறு கொண்டுபோவேன். அதை என்னோடு காய் எடுத்த செல்லத்தாயி அக்காவிடம் கொடுத்துவிடுவேன். "எனக்கு வயிறு சரியில்லக்கா, நீ சாப்பிடு" என்பேன். தோட்டத்தில் கொடுக்கிற பாலில்லாத கட்டன்சாயா மட்டும் குடிப்பேன். சாயங்காலம் வாளி காலியாக வீடு வரும். அப்பா அதைப் பார்த்து நான் சாப்பிட்டுவிட்டதாக நினைப்பார். இரவில் பொட்டலம் பிரித்தால் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்துக்கொண்டு உனக்கு ஊட்டுவதுபோல எழுந்துபோவேன்.

உடம்பு இறங்கியது. இறங்க இறங்க என்ன நடந்தது தெரியுமா? எல்லாரும் பாராட்டினார்கள். "எளச்சிட்டியே, இப்பத்தான் நல்லா இருக்க" என்று தெருவில் நிறுத்திச் சொன்னார்கள். அப்பா ஒரு புதுச் சேலை எடுத்துக்கொண்டு வந்து, "இது ஒனக்கு நல்லா இருக்கும்" என்று கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவராகத் தேர்ந்தெடுத்து வாங்கிவந்த முதல் சேலை அது. அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது எனக்கு என்ன தோன்றியது என்றால், இன்னும் கொஞ்சம் குறைத்தால் இன்னும் கொஞ்சம் பிரியமாக இருப்பார் என்றுதான். பசி பெரிய விஷயமே இல்லை தம்பி. பசியைப் பழகிக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது வேறு. நாம் பட்டினி கிடப்பது தெரியாமல் நமக்குப் பிரியமானவர் சந்தோஷப்படுகிறார் பார், அப்போது மனசு போகிற வழி ரொம்பத் தப்பான வழி. பவித்ரா அந்த வழியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் "சோத்தப் பாத்தாலே பயமா இருக்கு" என்று அவள் சொன்னதும் எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. தோட்டத்தில் தரையெல்லாம் சறுக்கல், காலெல்லாம் அட்டை. ஏலச்செடியின் தூரில் குனிந்து குனிந்து காய் எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடுப்பில் கட்டிய சாக்கோடு சரிவில் உருண்டுபோய் ஓடைக் கல்லில் தலை மோதியது. செல்லத்தாயி அக்கா கத்திய கத்தலில்தான் மற்றவர்கள் வந்தார்கள். அப்பா ஜீப்பில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மலையிறங்கினார். நெற்றி வலியைவிட அவர் வண்டியை விரட்டிய விரட்டில்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டரம்மா, "கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்பா, "காலையில சாப்பிட மாட்டா டாக்டர், மத்தியானம் வாளி நெறையச் சோறு கொண்டு போவா" என்றார். கூட வந்திருந்த செல்லத்தாயி அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே சோறுங்கிற? அந்தச் சோத்த மழை ஆரம்பிச்சதுல இருந்து நாந்தான் திங்குறேன். ஒம் பொண்டாட்டி வயிறு சரியில்ல, வயிறு சரியில்லன்னு எனக்குத்தான் குடுக்குது. ஒனக்குத் தெரியாதா?"

அப்பாவுக்குத் தெரியாது. அவர் முகம் அன்றைக்கு இருந்ததுபோல் அப்புறம் எப்போதும் நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, நீ தூங்கிய பிறகு கேட்டார். "எதுக்கு இப்டிப் பண்ணுன?"

"நீங்க சிரிச்சீங்க" என்றேன்.

"எப்ப?"

அவருக்கு ஞாபகமே இல்லை தம்பி. கங்காணி சொன்னதும் ஞாபகம் இல்லை, தான் சிரித்ததும் ஞாபகம் இல்லை. அந்த ஒரு நொடிக்காக நான் அத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறேன், அவர் அன்று மத்தியானமே மறந்துவிட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டை விட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போகவில்லை. உட்காரவைத்துச் சொன்னேன். எந்தக் காலையில், யார் சொல்லி, எப்படிச் சிரித்தார், நான் எங்கே நின்றிருந்தேன், என்னவெல்லாம் நினைத்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. 'விளையாட்டுக்குச் சிரிச்சேன்' என்று சொல்லவில்லை. 'நீ எதுக்கு இதைப் பெருசா எடுத்துக்கிற' என்று சொல்லவில்லை. கடைசியில் "இனிமே சிரிக்க மாட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகூட அவருக்கு வராது, உனக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச நாள் கழித்து அதே கங்காணி வேறொரு பெண்ணை அதே மாதிரி கேலி பேசியபோது அப்பா நடுமலையில் வண்டியை நிறுத்திவிட்டாராம். "வண்டி ஏறும். ஒங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு என்னால ஓட்ட முடியாது. பேசாம வர்றதுன்னா வாங்க, இல்லைன்னா எறங்கி நடங்க" என்றாராம். செல்லத்தாயி அக்கா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

அதற்காக உடம்பைக் குறைப்பதே வேண்டாம் என்று நான் முடிவு செய்யவில்லை. நீ அப்படி எடுத்துக்கொள்ளாதே. முழங்கால் வலித்தது. சரிவில் ஏறினால் இரைத்தது. எனக்குக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்தத் தடவை சாப்பிட்டே குறைப்பேன், எனக்காகக் குறைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தேன். அப்பாவிடம் சொன்னேன், "என் ஒடம்பப் பத்தி நான் பேசுனாப் பேசுங்க. நீங்களாப் பேசாதீங்க. நான் எதையாவது நிறுத்துனா நீங்களும் நிறுத்தணும். நான் நடந்தா நீங்களும் நடக்கணும்." அவர் தொப்பையும் அப்போது ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. பொட்டலம் நின்றது. இரவுச் சாப்பாட்டை வெளிச்சத்தோடு முடித்துவிட்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு முந்தல் ரோட்டில் நடப்போம். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பாதியிலேயே அப்பா தோளில் ஏறிவிடுவாய். எனக்கு முதலில் ஒரு பயம் இருந்தது. பொட்டலம் இல்லையென்றால் எங்களுக்குள் பேச்சும் நின்றுபோய்விடுமோ என்று. நிற்கவில்லை. நடக்கும்போது எதிரே முகம் பார்க்க வேண்டியதில்லையா, அப்பா இன்னும் நிறையவே பேசினார். அவர் சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பூப்பாறையில் ஒரு சாயாக்கடையில் இருந்த கதையெல்லாம் அந்த ரோட்டில்தான் சொன்னார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அவரால் புரோட்டாவை விட முடியவில்லை. சில நாள் வாய் மணக்கும். நான் கேட்க மாட்டேன். சட்டைப் பையைத் துழாவ மாட்டேன். கொஞ்ச தூரம் நடந்ததும் அவரே, "இன்னைக்குத் தின்னுட்டேன்" என்பார். "சரி, அந்தப் பாலம் வரைக்கும் கூட நடப்போம்" என்பேன். அவ்வளவுதான். கல்யாண போட்டோவில் இருக்கிற பெண்ணாக நான் மறுபடி ஆகவேயில்லை. ஆகவும் வேண்டாம். முழங்கால் வலி நின்றது. இந்த வயதிலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோதும் மாத்திரையோடும் நடையோடும் சமாளித்தோம். அவர் தட்டை நான் காவல் காக்கவில்லை. அவர் என் தட்டைக் காவல் காக்கவில்லை. சமையலை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாக மாற்றினேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை பவித்ரா எனக்குப் போன் பண்ணினாள். ரொம்ப நேரம் நல விசாரிப்பாகவே பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம், "அத்தே, நிச்சயதார்த்தத்தக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்றாள். நீ அவளை வைதாயா, கைநீட்டினாயா என்று முதலில் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் இல்லத்தே" என்று பதறினாள். விஷயம் இதுதான். நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்ட போட்டோவை நெட்டில் போட்டாயாம். உன் சிநேகிதன் ஒருவன் அதன் கீழே, "ரெண்டும் நல்ல வெயிட்டான ஜோடி" என்று எழுதினானாம். நீ அதற்குச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டாயாம். அதற்கு மறுநாள்தான் மெஷின் வாங்கி அவளுக்கு அனுப்பினாயாம். அதுவரைக்கும் உனக்கு அவள் உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீ அக்கறை, ஆரோக்கியம் என்று என்ன பெயர் வேண்டுமானாலும் வை. அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து நீ கவலைப்படவில்லை. உன் சிநேகிதர்கள் முன்னால் உனக்கு வெட்கமாகிவிட்டது. உன் வெட்கத்தை அவள் பட்டினி கிடந்து தீர்க்க வேண்டியிருக்கிறது. "நிச்சயதார்த்தப் போட்டோவுக்குள்ள எறங்கிரணும்" என்று நீ சொன்னதால், அவள் இப்போது ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். "எனக்கு அவரைப் பிடிக்கும்த்தே. ஆனா கல்யாணம் முடிஞ்ச பெறகும் இப்டித்தான் இருக்கும்னா என்னால முடியாது. யோசிக்கணும்" என்றாள். இதையெல்லாம் உன்னிடம் நான் சொல்லலாமா என்று கேட்டேன். "நான் சொன்னா அழுதுருவேன். நீங்க சொல்லுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் ராசிங்காபுரம் போனோம். உன்னைக் கேட்காமல்தான் போனோம். அப்பா ஜீப்பை எடுக்கும்போது, "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோமே" என்றார். "சொன்னா இன்னைக்கே அவளுக்குப் போன் போட்டு, அழுது, சமாதானம் பண்ணிருவான். அவ வாய மூடிக்கிருவா. எல்லாம் பழையபடி ஆகிரும்" என்றேன். அவர் மறுபேச்சு இல்லாமல் வண்டியை எடுத்தார். பவித்ராவின் அம்மாவுக்கு நாங்கள் வந்த காரணம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மதினி, நாள் குறிச்சு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்பப் போயி நிறுத்துனா நாலு பேரு என்ன பேசுவாங்க? அவதான் கொஞ்சம் வாயைக் கட்டுனா என்ன? புள்ள நல்லதுக்குத்தான சொல்லுது" என்றார். பாவம், அந்த அம்மா உனக்காகத்தான் பேசினார்.

நான் சொன்னேன், "எம் பிள்ளைக்குத்தான் புத்தி வரணும் மதினி. ஒங்க பொண்ணு வாயைக் கட்ட வேண்டாம். நாலு பேரு கேட்டா மாப்ள வீட்டுக்காரங்கதான் தள்ளிப் போட்டாங்கன்னு சொல்லுங்க. அந்தப் பேச்சு எங்க வீட்டுக்கு வரட்டும்." பவித்ராவின் அப்பா அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து, "எம் பொண்ணு என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டார். பவித்ரா அறைக்குள்ளிருந்து வந்து, "தள்ளிப் போடலாம்ப்பா" என்றாள். அதோடு முடிந்தது. நிச்சயதார்த்தம் இப்போது இல்லை. மண்டபத்துக்காரரிடம் அப்பா சொல்லிவிட்டார். நீ யாரிடமும் போய் மாற்ற முடியாது.

திங்கட்கிழமை அவள் கோயமுத்தூர் திரும்புகிறாள். சாயங்காலம் உன்னிடம் நேரில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை நீ அவளைக் கூப்பிடாதே. அவள் ஆபீஸ் வாசலில் போய் நிற்காதே. அவள் பேச வரும்போது சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாதே. எங்கேயாவது நடந்துகொண்டே பேசுங்கள். அவள் சொல்வதை முழுசும் கேள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஆரம்பிக்காதே. அந்த மெஷினைத் திருப்பி வாங்கிக்கொள். அவளாக வைத்துக்கொள்கிறேன் என்றால் விட்டுவிடு. அந்தப் போட்டோவுக்கு அடியில் உன் சிநேகிதன் எழுதியதற்கு நீ சிரித்ததோடு சரி, இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று நான் சொல்லித்தர மாட்டேன், நீயே யோசி. குறைக்க வேண்டும் என்று அவள் நினைத்தால், எப்படி, எவ்வளவு, எப்போது என்பதை அவளே சொல்வாள். நீயும் கூடச் சேர்ந்து குறை. உன் தொப்பையும் என் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை.

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நீ ஊருக்கு வா. அழு. நானும் உன்னோடு அழுவேன், எனக்கும் அவளை விட மனசில்லை. ஆனால் அவளைக் குறை சொல்லி நம் வீட்டில் ஒரு வார்த்தை பேச விட மாட்டேன், உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சரி என்று சொல்லிவிட்டால், உடனே நாள் குறிக்க ஓடிவராதே. கொஞ்ச மாதம் போகட்டும். அவள் உன் எதிரில் உட்கார்ந்து, உன் முகத்தைப் பார்க்காமல், தனக்கு வேண்டிய அளவு சோறு போட்டுக்கொண்டு சாப்பிடுகிறாளா என்று நான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நான் வெற்றிலை பாக்கு எடுப்பேன்.

அப்பா சாயங்காலப் பஸ்சுக்குத் திரும்பிவிடுவார். அவர்மேல் கோபப்படாதே. அவர் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் உன்னோடு கொஞ்ச நேரம் இருக்கத்தான் வந்திருக்கிறார். கோபமெல்லாம் என்மேல் காட்டு. ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு, எடுப்பேன். நீ எவ்வளவு கத்தினாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் ராசிங்காபுரத்தில் சொல்லிவிட்டு வந்ததை மட்டும் மாற்ற மாட்டேன்.

அம்மா